தொலைவேலைக்குரிய இடங்கள்: சுந்தரபாண்டியபுரத்தை முன்வைத்து ஒரு பன்முகப் பார்வை

முன்னுரை

எந்த ஆய்வையும் ஆதிமனிதனிடமிருந்து தொடங்குவது பல்கலைக்கழக மரபு. ஆதலால்: ஆதிமனிதன் குகையில் வாழ்ந்தான். வீடும் வேலையிடமும் அவனுக்கு ஒன்றே. பின்பு நாகரிகம் வளர்ந்தது, அலுவலகம் வந்தது, டிபன் கேரியர் வந்தது. 2020 மார்ச்சில் எல்லோரும் திரும்பக் குகைக்கே அனுப்பப்பட்டனர். சிலர் இன்னும் வெளியே வரவில்லை. அவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் எங்கே உட்காரலாம் என்பதே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வு எல்லை

தென்காசியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள சுந்தரபாண்டியபுரம் இவ்வாய்வின் நடுவிடம். மேற்கே செங்கோட்டை, தெற்கே மத்தளம்பாறை, மற்ற திசைகளில் ஆய்வாளரின் டூவீலரில் பெட்ரோல் உள்ள மட்டும்.

முன்னோடிகள்

இத்துறையின் முதல்வர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். 18-ஆம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சியை இந்த வட்டாரத்தில் இருந்தபடியே பாடினார். மதுரை நாட்டை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அதை மெச்சி நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். ஓலை, எழுத்தாணி, சார்ஜ் தேவையில்லை. அப்ரைசலில் வயல் வாங்கிய கடைசி ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். (சான்று: ஆய்வாளரின் சென்ற ஆண்டு அப்ரைசல் கடிதம்.)

அடுத்தவர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882–1954). வக்கீலாகவும் அறநிலைய வாரிய கமிஷனராகவும் இருந்து ஓய்வு பெற்றவர், குற்றாலத்தில் வந்து அமர்ந்துகொண்டார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள். மற்றவர்களோடு கடிதத்திலேயே எல்லாம் நடந்தது. கம்பன் பாட்டுகளில் கம்பனுடையதாகத் தமக்குப் படாதவற்றை இடைச்செருகல் என்று தள்ளிவிட்டு ராமாயணத்தைப் பதிப்பித்தவர் அவர். பண்டிதர்கள் கொதித்தார்கள். மேலாளரின் மின்னஞ்சல்களைப் படிக்க இதைவிடச் சிறந்த முறை இவ்வாய்வாளருக்குத் தெரியவில்லை. நாளைக் காலைக்குள் வேண்டும் என்ற வரியின் நடையைப் பார்த்தால் பிற்காலத்தார் சேர்த்ததாகவே படுகிறது.

மூன்றாமவர் கற்பனை மனிதர். 1992-இல் வந்த மணிரத்னத்தின் 'ரோஜா'வில் கதாநாயகி சுந்தரபாண்டியபுரத்துப் பெண். பெண் பார்க்க வரும் ரிஷிகுமார் சங்கேத மொழியை உடைக்கும் கம்ப்யூட்டர் ஆள். இவ்வூருக்கு வந்த முதல் ஐ.டி. மாப்பிள்ளை அவரே என்க. கல்யாணம் முடிந்து காஷ்மீருக்கு நேரில் போனார், கடத்தப்பட்டார். மாமனார் வீட்டுத் திண்ணையிலிருந்தே அந்த வேலையைப் பார்த்திருந்தால் இடைவேளைக்கு முன்பே படம் முடிந்திருக்கும்.

நான்காமவர் ஸ்ரீதர் வேம்பு. அவருடைய ஸோஹோ 2011-இல் தென்காசியில் சிறிய அளவில் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான ஸோஹோ டெஸ்க் மென்பொருள் இங்கே உருவானது. 2019-இல் அவரே மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். 2021-இல் பத்மஸ்ரீ. அதன்பின் இந்த வட்டாரத்தில் லேப்டாப்போடு திரியும் எவரைப் பார்த்தாலும், "ஸோஹோவா?" என்கிறார்கள். இல்லை என்றதும் முகத்தில் தோன்றும் இரக்கம் தனியே ஆராயத்தக்கது.

ஐந்திணைப் பகுப்பு

எதையும் ஐந்திணைக்குள் அடக்கலாம் என்பது தமிழாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. பெட்ரோல் பங்க்கை அடக்கியும் பட்டம் வாங்கலாம். ஆகவே:

நெய்தல்: இல்லை.

முல்லை: ஆடு மேய்கிற இடம். சிக்னல் உண்டு. ஆடும் உண்டு.

குறிஞ்சி: குற்றாலம். சீசனில் லாட்ஜ் வாடகை அருவிக்கு எதிர்த்திசையில் போகும். பேரருவி ஓசையில் எவ்வளவு கத்தினாலும் எதிர்முனையில் தண்ணீர்தான் கேட்கும். ஐந்தருவி, பழைய அருவி, புலியருவி எல்லாவற்றுக்கும் இதே முடிவு பொருந்தும் என்பதால் ஆய்வாளர் குளித்துவிட்டு வந்துவிட்டார். கவிராயர் பாடிய குரங்குகளின் வம்சம் குறைவின்றி உள்ளது. அவற்றுக்கு லேப்டாப்பில் நாட்டம் இல்லை. பையின் ஜிப்பைத் திறப்பதில் உண்டு. ஆனி, ஆடியில் விழுவது மழையா சாரலா என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிடாதீர்கள். முழுக்க நனைந்து கீபோர்டைக் கவிழ்த்து நீரை வடிக்கும்போதும், "இது மழையில்லா, சாரல்" என்பார்கள், சாரலுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கெடாது என்பதுபோல.

மருதம்: சுந்தரபாண்டியபுரமே. ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளப் பதிவெண் வண்டிகள் வரிசை கட்டும். முற்றிய சூரியகாந்தி வெயிலோடு திரும்பாது. கிழக்கையே பார்த்து நிற்கும். எனவே வயலுக்குக் கிழக்கே, மேற்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் வீடியோ மீட்டிங்கில் பின்னணியாகப் பூக்களின் முகமும் அதற்குப் பின்னால் மலைத்தொடரும் கிடைக்கும். ஆய்வாளர் அப்படியே அமர்ந்தார். பெங்களூரிலிருந்து மேலாளர், "அந்த பேக்ரவுண்டை எடுத்திருங்க, ரொம்ப செயற்கையா இருக்கு" என்றார். ஆய்வாளர் நிஜச் சூரியகாந்தி வயலின்மேல் பொய்ப் புத்தக அலமாரி ஒன்றை வைத்து மறைத்தார். எல்லோருக்கும் திருப்தி. அதற்குள் திருவனந்தபுரத்துக் குடும்பம் ஒன்று போனைக் கையில் கொடுத்து ஒரு போட்டோ கேட்டது. காலாண்டு அறிக்கையின் முக்கியமான பகுதியை ஆய்வாளர் கேட்கவில்லை. 2005-இல் வந்த 'அந்நியன்' படப்பாடலுக்காக நடிகர்களின் முகங்களைத் தீட்டிய பாறையிலும் இதே தொல்லை, நிழலும் கிடையாது.

பாலை: பஸ் ஸ்டாண்டு. விளக்கம் வேண்டாம்.

பிளக் பாயிண்ட் இயல்

இடத்தேர்வில் சிக்னலே முதன்மை என்பர் ஒரு சாரார். நிழலே என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் பேட்டரி நிறைந்திருந்த வேளையில் பேசியவர்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றில் இந்த வட்டாரமெங்கும் காற்றாலைகள் சுழன்று மின்சாரம் தலைக்கு மேலேயே உற்பத்தியாகிறது. அது தரைக்கு இறங்கி, மூன்று துளை வழியே வெளிப்படும் இடம் டீக்கடையில் ஒன்றே ஒன்று.

அதை முறையாக அகழ்ந்தோம். மெயின் ரோட்டுக் கடையொன்றின் சுவரில், மிக அடியில் உள்ள அடுக்கு மரப்பெட்டிக் காலம்: வட்டக் கருப்பு சுவிட்ச், பீங்கான் ஃபியூஸ், இரண்டு துளை. அதற்கு மேல் பேக்லைட் காலம்: பழுப்பு நிறம், மூன்று துளை, ஒரு துளையில் பீடித் துண்டு கிடைத்தது, அது சமகாலத்ததா பிற்காலத்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதற்கும் மேல் வெள்ளை பிளாஸ்டிக் காலம். சிவப்பு இண்டிகேட்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது, எரியாவிட்டாலும் இருக்கலாம். காலம் கணிப்பதில் நூறாண்டு முன்னே பின்னே தள்ளுவது ஆய்வாளர் உரிமை; அதுவும் தம் ஊர் என்றால் முன்னே மட்டும். (சான்று: கடைச் சுவரின் தினசரிக் காலண்டர், ஆடித் தாளின் பின்புறம், பால் கணக்கு, பென்சிலில் எழுதப்பட்டது, அதன்மேல் வடை வைத்த எண்ணெய்க் கறை, கறை படிந்து தாள் கண்ணாடியாகிவிட்டதால் அடியில் ஆவணித் தாளின் கணக்கும் தெரிகிறது, இரண்டும் ஒத்துவரவில்லை, எனவே இரண்டு பால்காரர் வழக்கில் இருந்தனர் என்று கொள்க.)

கண்டெடுக்கப்பட்ட ஒற்றைப் பிளக்கில் ஒரு மல்டிபிளக் தொங்குகிறது. கழன்று விழாதிருக்க மடித்த தீப்பெட்டி அட்டை அண்டை கொடுத்துள்ளது. அதில் ஐஸ்கிரீம் பெட்டி, சாமி படத்துச் சீரியல் லைட், கடை அண்ணாச்சியின் போன், அண்ணாச்சி மச்சினன் போன், இவை போக இன்னொரு போன். அது யாருடையது என்று கடையில் யாருக்கும் தெரியாது. எப்போது பார்த்தாலும் நூறு சதவீதம். கழற்றலாமா என்று கேட்டதற்கு, "கெடக்கட்டும் தம்பி, ஆள் வந்திருவான்" என்றார் அண்ணாச்சி. ஆய்வுக்காலம் முடியும்வரை ஆள் வரவில்லை.

எந்த சுவிட்ச் எந்தப் பிளக்குக்கு என்பது அடுத்த சிக்கல். இங்கே தட்டினால் பக்கத்து சலூனில் டியூப்லைட் எரிகிறது. இங்குள்ள சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு கொண்டு கூட்டிப் பொருள் சொன்ன நச்சினார்க்கினியர்தான் இந்தக் கடைக்கு வயரிங் செய்தவர் என்பது ஆய்வாளர் துணிபு. பலகையின் ஓரத்தில் கருப்பு டேப் ஒட்டி மூடிய சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் தொடக் கூடாது. ஏன்? அண்ணாச்சியின் அப்பா தொடக் கூடாது என்றார். அவரிடம் யார் சொன்னது? எலெக்ட்ரீஷியன். அவர் எங்கே? வளைகுடா. இதைவிடத் தெளிவான ஆசிரியர் பரம்பரை பல உரைநூல்களுக்குக் கிடையாது. (சான்று: வடை மடித்துக் கொடுத்த தாள், கணக்குத் தேர்வு விடைத்தாள், மாணவர் பெயர் கிழிந்துள்ளது, விடை தவறு, ஆசிரியர் சரி போட்டிருக்கிறார், மறுபக்கம் ஒரு மின்சுற்றுப் படம், அந்தப் படத்திலும் ஒரு சுவிட்சுக்கு வயர் இல்லை, அந்த எலெக்ட்ரீஷியனின் பள்ளிக்காலத் தாளாக இருக்கலாம் என்பது ஆய்வாளரின் கருதுகோள், இதை இதுவரை யாரும் மறுக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லையாதலால்.)

எல்லாம் கூடிவந்த நாளில் கரண்டே இருக்காது. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதற்குப் பழுது வந்தால் சரிசெய்பவர் காலில் இப்போதே விழுகிறேன் என்ற கருத்தில் கல்வெட்டுப் பொறித்துவைத்தான். பராமரிப்புப் பணியை இவ்வளவு உருக்கமாக அறிவித்தவர் அவனுக்குப் பின் எவரும் இல்லை. இன்றைய அறிவிப்பு, காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை என்பதோடு நின்றுவிடுகிறது.

உரிப்பொருள்

இந்நிலத்தின் உரிப்பொருள் விசாரித்தலும் விசாரித்தல் நிமித்தமும். ஆய்வாளர் வினாநிரலோடு போனார். தகவலாளியான பெரியவர் (பெயர் வெளியிடப்படவில்லை, கேட்கப்படாததால்) முந்திக்கொண்டார்.

"தம்பி எங்க வேலை?"

"கம்பெனி பெங்களூர்ல தாத்தா. வேலை இங்க இருந்தே பார்க்கேன்."

"பெங்களூர்ல கம்பெனி. நீ இங்க." சற்று யோசித்தார். "நிப்பாட்டிட்டானோ?"

"இல்ல தாத்தா, சம்பளம் வருது."

"வரும், வரும். ரெண்டு மாசம் குடுப்பான்."

மாலைக்குள் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. இரவு சோற்றில் கூடுதலாக ஒரு முட்டை இருந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. சூரியன் இருக்கும்போது கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவனை ஊர் ஒன்றும் சொல்வதில்லை, அவன் இராக்காவல்காரனாக இருக்கலாம். அதே கட்டிலில் உட்கார்ந்து ஸ்க்ரீனைப் பார்ப்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை. இதற்கு மாற்றாகக் கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போன முயற்சி ஓரளவு பலித்தது: ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மூன்று பேர் வந்தார்கள்.

எஞ்சியவை

பிரானூர் பார்டர் பரோட்டாக் கடை: செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எல்லை போய்விட்டது, பார்டர் பரோட்டாவில் தங்கிவிட்டது. சால்னா தொட்ட விரலை டச்பேட் ஏற்பதில்லை.

தென்காசிக் கோயில் கோபுர வாசல்: காற்று முதலில் எதிரே தள்ளும், உள்ளே போனதும் பின்னாலிருந்து தள்ளும். தாளில் எழுதும் பழக்கமுள்ளவர் தவிர்க்க. மைக்கில் புயல் கேட்கும்.

நூலகம்: 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின் நற்பலன். மின்விசிறி, நாற்காலி, ஆள் தொடாத பிளக் பாயிண்ட், யாரும் எதையும் விசாரிப்பதில்லை. அமைதி காக்க என்று பலகை இருப்பதால் மீட்டிங்கில் வாய் திறக்க முடியாது. அதனாலேயே ஆய்வாளர் ஆழ்ந்து சிந்திப்பவர் என்று அலுவலகத்தில் பெயர் வந்தது. இதுவே சிறந்த இடம். இதை ஒரு பக்கத்தில் சொல்லியிருக்கலாம் என்று நெறியாளரிடம் கூறியபோது, ஒரு பக்கத்துக்குப் பட்டம் தரமாட்டார்கள் என்றார். கூடவே, தாம் எழுதிய ஆறு நூல்களையும் எங்கேயாவது மேற்கோள் காட்டும்படி சொன்னார். அவை சிலப்பதிகாரத்தில் அணிகலன்கள் பற்றியவை. இத்தால் காட்டப்பட்டன.

நன்றியுரை

ஐஸ்கிரீம் பெட்டியின் பிளக்கைக் கழற்றி ஆய்வாளரின் சார்ஜருக்கு இடம் கொடுத்த அண்ணாச்சிக்கும், அதைத் திரும்ப மாட்ட மறந்த ஆய்வாளரை இன்றுவரை கண்டுபிடிக்காத அவருடைய மச்சினனுக்கும்.