எங்கள் தெருவின் எண்ணெய் நிபுணர்கள்

"புழலில் இருக்கிறேன்" என்றால் "என்ன கேஸ்?" என்று கேட்காத வெளியூர் நண்பர் எனக்கு இல்லை. மத்தியச் சிறை வந்த பிறகு ஏரிக்கு இரண்டாம் இடம்தான். "மரவேலை செய்துகொண்டிருக்கிறேன்" என்று சேர்த்துச் சொன்னால் போதும், நன்னடத்தைக் கைதி என்றே முடிவு கட்டிவிடுவார்கள். நான் செய்தது எலக்ட்ரிக் கிட்டாரின் உடல். பலா மரம். தஞ்சாவூரில் வீணைக்கு ஆகிற மரம் கிட்டாருக்கு ஆகாதா என்ன?

பலாவின் வைரம் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு, வருஷக்கணக்கில் தானாகவே பழுப்பேறும். எனக்கு அந்தப் பழுப்பு இப்போதே வேண்டும். அதனால் ஸ்டெயின். முதலில் ஈரத்துணியால் துடைத்து, சிலிர்த்து நிற்கிற நார்களை 320ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். பிறகு சாயம். மரத்தின் குறுக்குவெட்டு முகம் மட்டும் அதிகமாகக் குடித்துக் கறுக்கும். ஃபெவிகால் சொட்டிய இடமோ ஒரு துளிகூடக் குடிக்காமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். எங்கே அவசரப்பட்டோம் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்துவிடும்.

இதுவரை வீட்டில் யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்தது எண்ணெய் என்றதும் தெருவே திரண்டுவிட்டது.

"வீட்ல தேங்காண்ணெய் இருக்கச்சொல்ல, இன்னாத்துக்குடா காசு கொட்ற?" என்றார் அம்மா. தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் உலராது. கிட்டாரைத் தொட்டவர் கையெல்லாம் பிசுபிசுக்கும். ஆயா, "பச்சப் புள்ளைக்குத் தேய்க்கிற மாரி நல்லெண்ணெயக் காய்ச்சித் தேய்டா, சனிக்கெழமையா பாத்து" என்றார். நல்லெண்ணெய் அரைகுறையாக உலரும் ரகம். எதிர்வீட்டு அக்கா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடே வந்துவிட்டார். அது தேங்காய் எண்ணெய்க்கு அண்ணன்.

காசிமேட்டுச் சித்தப்பா மட்டும், "மீன் எண்ணெய் அடி. அந்தக் காலத்துல மரப்படகுக்கே அதான்" என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், ரசாயனப்படி தெருவிலேயே சரியான யோசனை அதுதான். மத்தி எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். ஆனால் கச்சேரிக்குப் பூனைகள் மட்டுமே வரும்.

கடைசியில் பெயிண்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் வாங்கினேன். ஆளி விதை எண்ணெய்தான். கிரிக்கெட் பேட்டுக்குப் போடுகிற எண்ணெயின் தம்பி. சீக்கிரம் உலர மருந்து சேர்த்திருப்பார்கள். பனியன் வேஸ்ட்டில் நனைத்து மெலிசாகப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். பூசுவது பொழுதுபோக்கு, துடைப்பதுதான் வேலை. துடைக்காமல் விட்டால், அதிலும் எங்கள் ஊர் ஐப்பசி ஈரத்தில், தெருப் புழுதி மொத்தமும் கிட்டாரில் குடியேறிவிடும்.

துடைத்த துணிகளைக் கொடியில் விரித்துப் போட்டேன். "தொவச்ச துணி பக்கத்துல கரித்துணியா?" என்று அம்மா சண்டைக்கு வந்தார். கசக்கிப் போட்டால் தானே தீப்பிடிக்கும் என்றேன். "யாரும் கொளுத்தாமலேயா?" எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. 1991இல் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்ததற்குத் தொடக்கம் இப்படிப்பட்ட லின்சீட் துணிகள்தாம். அம்மா ஒன்றும் சொல்லாமல் துவைத்த துணிகளை மாடிக்கு மாற்றிவிட்டார்.

எண்ணெய் நம்பிக்கையில் கிட்டார்காரர்கள் எங்கள் ஆயாவுக்குச் சளைத்தவர்கள் இல்லை. எண்ணெய் போட்டால் மரம் மூச்சு விடும், நாதம் இனிக்கும் என்று சத்தியம் செய்வார்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் காந்தம் கவனிப்பது கம்பியின் அதிர்வை. மேலே என்ன பூசினோம் என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை. இதைச் சொன்னால் நட்பு முறியும்.

டப்பாவில் பாதி மிச்சம். தெருமுனை கேரம் கிளப் பையன்கள் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுற்றுச் சட்டத்துக்கு மட்டும் பூசித் துடைத்துக் கொடுத்தேன். மறுநாளே ஒருவன் ஓடிவந்தான்: "அண்ணே, ஸ்ட்ரைக்கர் முன்னவிட ஸ்பீடா திரும்புது!"

"பின்ன, எண்ணெய்னா சும்மாவா?" என்றேன்.