ஆச்சியின் கள்ளாட்டம்

கோடை விடுமுறை விட்டதும் பெற்றோருக்கு வரும் முதல் காய்ச்சல், கால அட்டவணை. 8 மணிக்குக் கையெழுத்து, 9 மணிக்கு வாய்ப்பாடு, 10 மணிக்கு ஆங்கிலம் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அதை முழுசாகப் படித்தவர் வீட்டு வேலைக்கு வரும் அக்கா மட்டும்தான். “இதுல புள்ள எப்பம்மா சாப்பிடும்?” என்றார்.

பள்ளிக்கூடம் தன் பங்குக்கு எரிமலை செய்து வரச் சொல்லியிருந்தது. செய்தவர் என் கணவர். எரிமலை வெடிக்கவில்லை, அவர் வெடித்தார். இரண்டாம் வகுப்பு முடித்த எங்கள் பையன் கைதட்டினான்.

வாய்ப்பாடு வேளையில் “ஐயேழு?” என்று கேட்டால் விடையைச் சுற்றும் ஃபேனில் தேடுவான். மே 4ஆம் தேதி கத்திரி வெயில் தொடங்கித் தெருவுக்கும் தடை வந்தபோது, என் மாமியார் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினார். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. ஆளுக்கு ஏழு குழி.

“முப்பத்தஞ்சு இருக்கணும் ஆச்சி, ஒண்ணு குறையுது!”

அது ஃபேன் சொன்ன விடையல்ல. ஆச்சியின் முந்தானை மடிப்பில் ஒரு கொட்டை ஒளிந்திருந்தது. “ஏலே, ஆச்சியவே எண்ணிப் பாக்கியா?” என்று அவர் அதட்ட, அவன் மறுபடி எண்ணினான். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்குச் சொந்தம். ஆச்சி மூன்றிலேயே “பசு!” என்று அள்ளப் பார்ப்பார். ஆட்ட முடிவில் ஆச்சி கையில் 23. “நாலு குழிதான் நிரம்பும், மூணு கொட்டை மிச்சம், மூணு குழியை மூடுங்க” என்றான். மீதியோடு வகுத்தல் அவனுக்கு இன்னும் பாடத்திலேயே வரவில்லை.

எனக்குப் புரிந்தது. நான் சொல்வதெல்லாம் சரியாக இருந்து தொலைக்கிறது. அதை அவன் எதற்குச் சரிபார்க்க வேண்டும்? கணக்குக்கு வேண்டியது நம்பிக்கையான வாத்தியார் அல்ல, கொஞ்சமும் நம்ப முடியாத எதிராளி.

மறுநாள் நானும் துணிந்தேன். “ஐயெட்டு முப்பத்தெட்டு” என்று அடித்துவிட்டேன். பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். எழுந்து நேராக ஆச்சியிடம் போனான்.

“ஆச்சி, அம்மாவையும் ஆட்டத்துல சேத்துக்கிடுங்க. பாவம், ஒண்ணும் தெரியல.”