கடைசி வீட்டு வெளிச்சம்

டிசம்பர் பிறந்துவிட்டால் குன்னூரில் மாலை நான்கரை மணிக்கே மேகம் தெருவுக்கு இறங்கிவிடும். முதலில் எதிர்ச்சரிவுத் தேயிலை மறையும், பிறகு எதிர்வீடு, பிறகு வேலியோரத்து சைப்ரஸ். கடைசியில் அந்த வெள்ளைக்குள் எங்கோ ஒரு சிவப்பு நட்சத்திரம் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். வீடும் தெரியாது, கூரையும் தெரியாது, அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் மூங்கில் கம்பும் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்பின் அளவையும் சாய்வையும் வைத்தே, அது யார் வீட்டு ஸ்டார் என்று சிறுவயதில் நாங்கள் சொல்லிவிடுவோம். மலையில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு நட்சத்திரம் அவர்கள் நினைவிலும் தொங்கிக்கொண்டிருக்கும்.

நான் பிறந்தது குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில், பத்து வீடுகள் ஒட்டி நின்ற லைனில். பத்தாவது வீடு எங்களுடையது. பைகாரா தண்ணீரைச் சிங்காராவுக்கு இறக்கி மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1932-இல்; அந்தக் கம்பி எங்கள் மலையிலிருந்து இறங்கிப்போய்க் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளை ஓட்டியது. மலைமேலேயே இருந்த எங்கள் லைனுக்குக் கரண்ட் வந்தபோது நான் நாலாம் வகுப்பு. ஃபேக்டரியிலிருந்து கம்பம் கம்பமாக வளைந்து வந்த அந்த ஒல்லிக் கம்பியில், முதல் வீட்டு பல்ப் வெள்ளையாக எரியும், ஐந்தாவது வீட்டில் மஞ்சளாகும், பத்தாவது வீட்டுக்கு வந்து சேரும்போது கண்ணாடிக்குள் இழை மட்டும் சிவந்து கிடக்கும். அதிலும் எல்லா வீட்டிலும் விளக்குப் போடும் ஆறரை மணிக்கு, எங்கள் பல்ப் தூங்கி விழும் குழந்தையைப் போல இருக்கும். அம்மா அதன் கீழே முறத்தோடு உட்கார்ந்து, பக்கத்தில் சிம்னி விளக்கையும் ஏற்றி வைத்துக்கொண்டுதான் அரிசியில் கல் பொறுக்குவாள்.

லைனில் கிறிஸ்தவ வீடுகள் நான்கு. எங்களுடையது அதில் ஒன்றல்ல. ஆனால் கார்த்திகைக்கு எங்கள் வாசலில் ஏற்றிய அகல்களைக் காற்று அணைக்காமல் கைகுவித்துக் காத்தது அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். அகல் எண்ணெய் கையில் காய்வதற்குள் அவர்கள் வீட்டு ஸ்டாருக்கு மூங்கில் சீவ நாங்கள் போய் உட்கார்ந்துவிடுவோம். மேட்டு ஹட்டியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஆட்கள் வெள்ளை உடுத்திக் கிளம்புவதும் அந்தக் குளிரோடு ஒட்டியே வரும். எது யார் பண்டிகை என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கு நேரமே இருந்ததில்லை.

ஒரு ஸ்டாருக்குப் பத்து நீளக் குச்சி, ஐந்து குட்டைக் குச்சி. நீளக் குச்சிகளில் ஐந்தைந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளைச் சேர்த்து, உள்மூலைகளில் குட்டைக் குச்சிகளை முட்டுக்கொடுத்தால் அது மூச்சு இழுத்த நெஞ்சுபோல உப்பி நிற்கும். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் கலர் பேப்பரை ஒட்டுவோம். இரவெல்லாம் மிஸ்ட்டில் நனைந்த காகிதம் சாயங்காலம் தொய்ந்து சுருங்கியிருக்கும். உள்ளே நாற்பது வாட் பல்ப் எரியத் தொடங்கிக் கொஞ்ச நேரமானதும் ஈரம் காய்ந்து, ஒவ்வொரு முகமும் ‘டப்’ என்ற சின்ன ஓசையோடு இழுத்துக்கொண்டு பறைத்தோல்போல விறைக்கும். அந்த ‘டப்’பைக் கேட்பதற்காகவே குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு ஸ்டாருக்குக் கீழே நின்றிருக்கிறோம். இன்று கடையில் வாங்கும் மடிப்பு ஸ்டார் மழையில் நனையாது, தொய்யாது, கிழியாது. அதனிடம் அந்த ஓசையும் கிடையாது.

பிறகு ஒரு வருஷம், குன்னூர் மார்க்கெட்டிலிருந்து சீரியல் செட் வந்தது. ஆறு வோல்ட் பல்ப் நாற்பது, ஒரே வயரில் வரிசையாக. 230 வோல்ட்டை நாற்பது பேரும் பங்கு போட்டுக்கொண்டு எரிவார்கள். அதில் ஒருத்தன் போனால் நாற்பதும் இருட்டு. போனவன் யார் என்று வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. அதற்குத்தான் ஃபேக்டரி வயர்மேன் மாமா வேண்டும். ரப்பர் செருப்போடு காய்ந்த பலகைமேல் ஏறி நின்று, ஈரக் கையோடு பக்கத்தில் வரும் பிள்ளைகளைத் திட்டி விரட்டிவிட்டு, டெஸ்டரின் முனையை நேராக இருபதாவது பல்பின் காலில் வைப்பார். டெஸ்டர் எரிந்தால் அதுவரை கரண்ட் வருகிறது, கோளாறு பின்பாதியில். எரியாவிட்டால் முன்பாதியில். அடுத்து அந்தப் பாதியின் பாதி. ஐந்தாறு தொடலில் ஆளைப் பிடித்துவிடுவார். டார்ச் பிடிப்பது என் வேலை. மாமா ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து ஒரு நல்ல பல்பை எடுத்துச் செருகும் அந்த நொடியில் நாற்பதும் ஒன்றாகப் பூக்க, பத்து வீட்டு வாசலிலும் ‘ஓ’வென்று ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதற்கு ஈடான சத்தத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் கேட்கவில்லை.

ஒரு தடவை பாட்டிலில் பல்ப் தீர்ந்துபோனது. கெட்ட பல்பைக் கழற்றிவிட்டு இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்தார் மாமா. முப்பத்தொன்பதும் எரிந்தன, முன்னைவிடப் பளிச்சென்று. எனக்கு ஒரே சந்தோஷம். மாமாவின் முகத்தில் அது இல்லை. “போனவன் பாரத்தையும் மத்தவன்தான் சுமக்கிறான் தம்பி. அதான் இந்தப் பளபளப்பு. இன்னும் ரெண்டு மூணை எடுத்தா எல்லாமே சீக்கிரம் போயிடும்” என்றார். ஓம் விதியை நான் புத்தகத்தில் படித்தது அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான்.

1882-இல் நியூயார்க்கில், எடிசனோடு வேலைபார்த்த எட்வர்ட் ஜான்சன் என்பவர் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் எண்பது பல்புகளைக் கையால் வயரிங் செய்து ஒரு கிறிஸ்துமஸ் மரத்தில் சுற்றினார் என்று பிற்பாடு படித்தபோது, அந்த எண்பதில் ஒன்று கெட்டிருந்தால் டார்ச் பிடிக்க அவருக்கு ஒரு பையன் இருந்தானா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது.

மினுக்குகிற செட் வந்தது அதற்கடுத்து. ஒரே ஒரு பல்பில்தான் சூட்சுமம்: உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு சின்னத் தகடு, சூடேறினால் வளைந்து தொடர்பை அறுக்கும், ஆறினால் திரும்பி வந்து சேரும். எஸ்டேட் குளிரில் அது விரைவாக ஆறிவிடும் என்பதால், எங்கள் செட் ஊரில் எரிவதைவிட வேகமாக மினுக்குகிறது என்று நாங்கள் நம்பினோம். கல்லூரிக் காலத்தில் சென்னை ரிச்சி தெருவில் 555 ஐ.சி. ஒன்றும் 4017 ஒன்றும் வாங்கிவந்து ரன்னிங் லைட் செய்தேன். முதலாவது துடிப்பைக் கொடுக்கும், இரண்டாவது அந்தத் துடிப்புக்கு ஒன்றாகப் பத்து வாசல்களை வரிசையாகத் திறக்கும். திருகைத் திருப்பினால் ஓட்டம் கூடும், குறையும். லைன் முழுக்கப் பத்து வீட்டுக்கும் வாசலுக்கு ஒரு பல்பாக மாட்டி, வெளிச்சத்தை முதல் வீட்டிலிருந்து எங்கள் வீடுவரை ஓடவிட்ட அந்த இரவில் வயர்மேன் மாமா வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, “நல்லா ஓடுது. எங்க கத்துக்கிட்ட?” என்றார். உங்களிடம்தான் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் செட்டுகள் மலிந்தன. கெட்டால் தேடுவதைவிடத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவது சுலபமாயிற்று. ஒட்டுப்போட்ட இடங்களுக்குப் பிளாஸ்டிக் பை சுற்றுவோமே, நீலகிரியில் அதற்கும் தடை வந்தது. மலைக்கு அது நல்லதுதான். ஹார்லிக்ஸ் பாட்டில் எந்த வீட்டுப் பரணிலோ போய்ச் சேர்ந்தது.

போன டிசம்பரில் விடுமுறைக்கு வந்த மகள், ஐந்து மீட்டர் நீளத்தில் 150 புள்ளிகள் கொண்ட எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை இறவாரத்தில் ஒட்டினாள். வேலியில் கட்டவேண்டாம், ராத்திரி வரும் காட்டுமாடு கொம்பில் வயர் சிக்கும் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். பத்து மணிக்குத் தானாக அணையும்படியும் வைத்தாள். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும், ஒரு குட்டிச் சில்லும். ஈ.எஸ்.பி. 32 கன்ட்ரோலர் அனுப்பும் செய்தியில் முதல் 24 பிட்டை முதல் புள்ளி தனக்கென்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்ததற்குக் கொடுக்கிறது. அது தன் பங்கை எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு. அவள் விளக்கச் சொல்லச் சொல்ல, கிறிஸ்துமஸ் காலையில் லைனின் முதல் வீட்டிலிருந்து புறப்பட்டு, வீட்டுக்கு வீடு ஒரு பங்கு இறங்கி, எங்கள் கதவு வரைக்கும் வரும் பலகாரத் தட்டு எனக்குக் கண்ணில் தெரிந்தது.

போனில் வெள்ளை நிறத்தைத் தொட்டாள். தொடக்கத்தில் பால்போல வெள்ளை, நடுவில் மஞ்சள், கடைசி முனையில் சிவப்பு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. புள்ளிக்கு 60 மில்லி ஆம்பியர் என்றால் நூற்றைம்பதுக்கும் ஒன்பது ஆம்பியர். அந்த மெல்லிய செம்புப் பட்டையில் அவ்வளவும் ஓடும்போது வோல்ட் வழியிலேயே தேய்ந்துவிடுகிறது. நீலத்துக்கு மூன்று வோல்ட் வேண்டும், சிவப்புக்கு இரண்டே போதும், அதனால் கடைசியில் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. “அடாப்டர்லேர்ந்து இன்னொரு ஜோடி வயரை அந்த முனைக்கும் கொடுத்துட்டா சரியாயிடும்ப்பா” என்றாள். இழுத்துக் கொடுத்தோம். சரியாயிற்று. ஒரு ஜோடி வயர், அவ்வளவுதான்.

இருபத்துமூன்றாம் தேதி இரவு, கனத்த மிஸ்ட்டில், எண்பத்தேழாவது புள்ளிக்கு அப்பால் எல்லாம் நிறம் குழம்பித் துடித்தன. பாதி பாதியாகத் தேட வேலையில்லை. குழப்பம் எங்கே தொடங்குகிறதோ அங்கேயோ, அதற்கு முந்தியதிலோதான் கோளாறு. ஐந்து வோல்ட் என்பதால் பயமில்லாமல் விரலால் அழுத்திப் பார்த்தேன். எண்பத்தேழை அழுத்தினால் நிறம் திரும்பியது, விட்டால் போனது. ஈரம் இறங்கி உள்ளே எங்கோ விட்டுப்போயிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்க்க, நான் பலகைமேல் ஏறிப் பற்றவைத்தேன். மகள் டார்ச் பிடித்தாள். வெளிச்சம் என் கைநிழல் விழாத பக்கத்திலிருந்து வந்தது. அதை நான் அவளுக்குச் சொல்லித் தரவே இல்லை.

போனில் 150-ஐ அழித்து 149 என்று போட்டாள்.

“மத்ததுக்குப் பாரம் ஏறாதா?” என்று கேட்டேன்.

“ஏறாதுப்பா. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அஞ்சு வோல்ட் போகுது.”

மாமாவிடம் போய்ச் சொல்லவேண்டிய பதில் அது. வெள்ளையைப் போடச் சொல்லிவிட்டு, மேகத்துக்குள் நடந்து கடைசி முனைக்குப் போய் நின்றேன். முதல் புள்ளியில் எப்படியோ அப்படியே இங்கேயும் எரிந்துகொண்டிருந்தது. கையை நீட்டிப் பார்த்தேன், ரேகை தெரிந்தது. பத்தாவது வீட்டு அம்மா முறத்தோடு இங்கே வந்து உட்கார்ந்தால், சிம்னி விளக்கு இல்லாமலே அரிசியில் கல் பொறுக்கிவிடலாம்.