அவசரத்தின் தலையில் விழுந்த பழி

பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிவைத்த நம் முன்னோர் ராப் இசை கேட்டவர்கள் அல்லர். ஆனாலும் எமினெமின் 'என்கோர்' ஆல்பம் ஏன் சொதப்பியது என்று கேட்டால் விமர்சகர், ரசிகர், பாடியவர் என்ற முத்தரப்பும் அந்தப் பழமொழியைத்தான் வெவ்வேறு குரலில் ஒப்பிக்கிறார்கள். அவசரத்தில் செய்தது, அதனால் கெட்டது, வழக்கு முடிந்தது. வேறு எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேர் ஒரே குற்றவாளியைக் கைகாட்டினால், கைகாட்டப்பட்டவன் வாயில்லாப் பூச்சி என்று சந்தேகிப்பது என் வழக்கம். அவசரத்துக்கு வக்கீல் வைக்க யாரும் இல்லை. அந்த வேலையை இங்கே நான் கட்டணமின்றி எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் குற்றப்பத்திரிகை. ஆல்பத்துக்கென்று பதிவு செய்து வைத்திருந்த பாடல்களில் சில, வெளியீட்டுக்கு வெகு முன்பே திருட்டுத்தனமாக இணையத்தில் கசிந்துவிட்டன. எமினெம் கடுப்பாகி, கசிந்தவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்த் தயாரிப்பாளர் டாக்டர் டிரே கொடுத்த மெட்டுகளுக்குப் புதிதாக எழுத உட்கார்ந்தார். சட்டைப் பையில் மாத்திரை, மனதில் விளையாட்டுப் புத்தி. மூன்று நாளில் மூன்று பாட்டு என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 'ரெய்ன் மேன்' ஒன்று, 'பிக் வீனி' ஒன்று. மூன்றாவதன் தலைப்பு நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் அச்சிட உகந்ததல்ல. நவம்பர் 16 என்று குறித்திருந்த வெளியீட்டுத் தேதியையும், ஆல்பம் முழுதாகக் கசிந்துவிடும் என்ற பயத்தில், 2004 நவம்பர் 12-க்கு இழுத்தார்கள். வந்ததைக் கேட்டவர்களுக்கு வாந்தியெடுக்கும் சத்தத்தோடு தொடங்கும் ஒரு பாட்டு கிடைத்தது. அதன் தலைப்பும் வாந்திதான். பெயர்ப் பொருத்தத்தில் குறை சொல்ல முடியாது. அடுத்த பாட்டில் ஏப்பமும் அதற்குக் கீழ்நிலைச் சத்தங்களும் பக்கவாத்தியம். 'ரெய்ன் மேன்' பாட்டிலோ, தனக்குச் சொல்ல விஷயம் எதுவுமில்லை என்று பாடகரே ஒப்புக்கொள்கிறார். விமர்சகர்களுக்கு இதைவிட வசதியான ஆல்பம் அமைந்திருக்காது. அவர்கள் எழுத வேண்டியதை அவரே தாளத்தோடு பாடிக் கொடுத்துவிட்டார்.

இனி எதிர்வாதம். இதே மனிதர் 2002-இல் வந்த '8 மைல்' படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, படப்பிடிப்பு இடைவேளைகளில் கிடைத்த தாளில் கிறுக்கியதுதான் 'லூஸ் யுவர்செல்ஃப்'. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே, விளக்கு மாற்றும் நேரத்தில், அடுத்தவர் எழுதிய வசனத்தைப் பேசிவிட்டு வந்து எழுதியது. இதற்கு மேல் அவசரம் வேண்டுமா? அது ஆஸ்கர் வாங்கியது. ராப் பாட்டு ஒன்று அந்த விருதை வாங்கியது அதுவே முதல் தடவை. விழா நடந்தபோது எமினெம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது வேறு கதை. மறுபக்கம், அவசரமே படாதவர் கதையையும் பார்க்க வேண்டும். 'என்கோர்' ஆல்பத்துக்கு மேற்பார்வை பார்த்த அதே டாக்டர் டிரே, 'டீடாக்ஸ்' என்று ஓர் ஆல்பம் வரப்போகிறது என்று அந்தக் காலத்திலேயே அறிவித்திருந்தார். ஒரு பத்தாண்டுக்கு மேல் ஊறவைத்தார். கடைசியில் 2015-இல், அது நன்றாக வரவில்லை, எனக்கே பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக் கைவிட்டு, அந்த ஆண்டே 'காம்ப்டன்' என்று வேறொன்றை வெளியிட்டார். ஆக, இடைவேளையில் கிறுக்கியது ஆஸ்கருக்குப் போயிற்று, பத்தாண்டு ஊறியது குப்பைக்குப் போயிற்று. காலத்துக்கும் தரத்துக்கும் ஏதோ முறையான உறவு இருப்பதாகச் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து எனக்குக் காட்ட வேண்டும்.

டிரே கதையில் நான் கவனிப்பது அந்தப் பத்தாண்டை விட அந்தக் குப்பைக்கூடையை. தான் செய்ததைத் தானே கேட்டு, வேண்டாம் என்று கைகழுவ அவருக்கு முடிந்தது. தன் பிள்ளைக்கு அவ்வளவு பத்தியம் பார்த்தவர், சிஷ்யப் பிள்ளை 'பிக் வீனி'யில் மழலைக் குரலில் பாடியபோது ஏன் வாளாவிருந்தார் என்பதுதான் இந்த வழக்கின் மர்மம். கூட்டு கெட்டுப்போவது அடுப்பை வேகமாக எரித்ததால் அல்ல, சொத்தைக் கத்தரிக்காயை அரிவாள்மணையில் யாரும் ஒதுக்காததால். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒதுக்க வேண்டிய ஆள் அந்த ஆல்பத்துக்குள்ளேயே இருக்கிறார். எமினெமின் மேலாளர் பால் ரோசன்பெர்க், 1999-இல் வந்த 'தி ஸ்லிம் ஷேடி எல்பி' தொடங்கி, தொலைபேசியில் செய்தி விட்டு அலுத்துக்கொள்கிற சிறு நகைச்சுவைத் துண்டாக இந்த ஆல்பங்களில் வந்துபோவார். கொஞ்சம் அடக்கி வாசியப்பா என்பதுதான் அன்று அவர் வைத்த விண்ணப்பம். 'என்கோர்' ஆல்பத்திலும் அவர் கூப்பிடுகிறார். எதற்கு? ஸ்டுடியோவுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவராதே என்று சொல்ல. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேண்டாம் என்று சொல்கிற மனிதரை வேடிக்கைப் பாத்திரமாக்கிவிட்டால், அவர் நிஜமாகவே வேண்டாம் என்று சொன்னாலும் அடுத்த துண்டுக்கு வசனம் கிடைத்தது என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

பாடல்கள் கசிந்ததற்கு எமினெம் என்ன செய்வார், திருடனைக் கேளுங்கள் என்பார்கள். திருட்டு திருட்டுதான். ஆனால் திருடன் கேட்டுவிட்டான் என்பதால் பாட்டு ஊசிப்போகுமா? சபரி கடித்துப் பார்த்துக் கொடுத்த பழத்தை ராமனே சாப்பிட்டதாகச் சொல்லும் ஊரில் இருந்துகொண்டு, எச்சில் பட்டது என்று ஒரு பாட்டை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒதுக்கிய பாடல்களையாவது அவர் முழுக்க மறந்தாரா? 'வீ ஆஸ் அமெரிக்கன்ஸ்', 'லவ் யூ மோர்' இரண்டையும் கூடுதல் விலைப் பதிப்போடு தந்த இணைப்புத் தட்டில் ஏற்றினார். விருந்தாளிக்கு இலையில் ஏப்பத்தைப் பரிமாறிவிட்டு, பாயசத்தைத் திண்ணையில் வைத்துத் தனிக் காசு கேட்ட கதை. இன்னொரு கட்சி, எமினெம் என்றாலே கோமாளித்தனம்தான், இப்போது மட்டும் என்ன புதிதாக முகம் சுளிக்கிறீர்கள் என்று மடக்கும். கோமாளித்தனத்தை நானும் ரசிப்பவன்தான். 'மை நேம் இஸ்', 'தி ரியல் ஸ்லிம் ஷேடி' காலத்தில் அந்தக் கோமாளி யாரையாவது குறிபார்த்து அடித்தான். அடிக்கிற வேகத்தில் எதுகைக்குள் எதுகை வைத்து நம்மைத் திணறடித்தான். ஏப்பத்துக்குக் குறி கிடையாது. அது யார் மேலும் படும். 'ஜஸ்ட் லூஸ் இட்' மைக்கேல் ஜாக்சனைக் குறிபார்த்தது உண்மை. அவர் மனம் நொந்து பேச, பிஇடி தொலைக்காட்சி அந்த வீடியோவை நிறுத்தியது. அப்படியும் அதன் மெட்டிலும் உத்தியிலும் 2002-இன் 'வித்அவுட் மீ'யைச் சூடுபண்ணிப் பரிமாறிய வாசனைதான் அடித்தது.

விற்பனையைக் காட்டி வாயை அடைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் முதல் 3 நாளில் 7 லட்சத்து 10 ஆயிரம், அடுத்த முழு வாரத்தில் 8 லட்சத்து 71 ஆயிரம். கேட்டவர்கள் சொல்லித்தானே இரண்டாம் வாரம் ஏறியது என்று கேட்டால், 3 நாளையும் 7 நாளையும் வகுத்துப் பார்க்கச் சொல்வேன். முதல் வார விற்பனை முந்தைய ஆல்பத்துக்குக் கிடைக்கிற சம்பளம். பந்தியில் கூட்டம் முண்டியடித்தது போன கல்யாணத்துச் சாம்பாரை நினைத்துக்கொண்டு. சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருதுப் பட்டியலிலும் 'என்கோர்' இருந்தது, ஆனால் விருது கான்யே வெஸ்டுக்குப் போனது. அந்தக் கான்யே 2018-இல் அவசரத்தை ஒரு தொழிற்சாலையாகவே நடத்தினார்: தன் தயாரிப்பில் ஐந்து ஆல்பங்கள், மே 25 முதல் ஜூன் 22 வரை வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் ஏழேழு பாட்டு. முதலில் வந்த புஷா டியின் 'டேடோனா'வை விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அடுத்த வாரம் வந்த கான்யேயின் சொந்த ஆல்பம் 'யே'யின் அட்டைப்படம், ஆல்பத்தைப் போட்டுக்காட்டும் விழாவுக்குப் போகிற வழியில் கைப்பேசியில் எடுத்தது; அதற்குக் கிடைத்த வரவேற்பும் கிட்டத்தட்ட அந்தப் படம் போலத்தான், கலங்கலாக. ஒரே சமையலறை, ஒரே அடுப்பு, ஒரே வேகம். அவசரம்தான் விஷம் என்றால் இரண்டு இலையிலும் அல்லவா விழுந்திருக்க வேண்டும்?

நோயைப் பற்றிய ஆட்சேபத்துக்கு மட்டும் நான் கேலியை நிறுத்திக்கொள்கிறேன். எமினெமின் மாத்திரைப் பழக்கம் விளையாட்டல்ல. 2005-இல் இசைப்பயணத்தை ரத்து செய்துவிட்டுச் சிகிச்சைக்குப் போனார். அதற்குப் பிறகும் உயிரோடு மல்லுக்கட்டித்தான் மீண்டார். அந்த நிலையில் இருக்கிறவரிடம் தரம் எங்கே என்று கேட்பது நியாயமில்லைதான். ஆனால் இந்த நியாயம் என் கட்சிக்குத்தான் பலம். தன்னைத் தானே கேட்டுக்கொள்ள முடியாத நிலையில் ஒருவர் இருக்கும்போதுதான் பக்கத்தில் இருக்கிறவருக்குக் காது வேண்டும்.

உண்மையில் என் அனுதாபம் முழுக்க ரசிகர்களுக்கு. விசுவாசமான ரசிகருக்கு இப்படிப்பட்ட ஆல்பம் வந்தால் ஒரு சடங்கு வரிசையே இருக்கிறது. மூன்று தடவை கேட்டால் பிடிக்கும் என்பார். பிறகு, உனக்குப் புரியவில்லை என்பார். பிறகு, அவருடைய மோசமான பாட்டே மற்றவர்களின் நல்ல பாட்டைவிட மேல் என்பார். இப்படி ஆறு வருடம் தெருத்தெருவாக வாதாடிக் களைத்திருந்தவர்களுக்கு 2010-இல் 'ரிகவரி' வந்தது. அதில் 'டாக்கின் டு மைசெல்ஃப்' பாட்டில் எமினெம், முந்தைய இரண்டு ஆல்பங்களும் கணக்கில் சேராது, 'என்கோர்' போதையில் செய்தது என்று பாடிவிட்டார். கட்சிக்காரனே குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு வக்கீல் என்ன செய்வார்? கில்லாடி ரசிகர்கள் அசரவில்லை. அந்த ஆல்பத்தின் அருமை அவருக்குத் தெரியாது என்று எமினெமையே எதிர்த்து வாதாடக் கிளம்பிவிட்டார்கள். வேறு சிலர் உருப்படியான வேலை செய்தார்கள்: சொத்தையை எடுத்துவிட்டு, கசிந்த பாடல்களை அந்த இடத்தில் செருகித் தங்களுக்கென்று ஒரு 'என்கோர்' தொகுத்துக்கொண்டார்கள். சம்பளம் வாங்கியவர்கள் செய்ய வேண்டியதைக் காசு கொடுத்தவர்கள் செய்தார்கள்.

நீங்களும் செய்யலாம். 'யெல்லோ பிரிக் ரோட்', 'லைக் டாய் சோல்ஜர்ஸ்', புஷ்ஷை எதிர்த்து 2004 தேர்தலுக்கு முன் வந்த 'மாஷ்' எல்லாம் முதல் ஆறு தடங்களுக்குள் இருக்கின்றன, நிதானமாகக் கேளுங்கள். ஆறாவது முடிந்ததும் எழுந்து போய்க் காபி போடுங்கள், டிகாக்ஷன் பொறுமையாக இறங்கட்டும். ஏழிலிருந்து பதினான்கு வரை அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். பதினைந்தாவதுக்கு வந்து உட்கார்ந்துவிடுங்கள். அடுத்தது மகளுக்காக அவர் எழுதிய 'மாக்கிங்பேர்ட்'.