மழைக்கும் டிக்கெட் தெரியும்

லண்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "ஒரு நாடகத்துக்கு நூற்றைம்பது பவுண்டாமே! நிஜமா, இல்லை எங்களைக் கூட்டிப்போக மனசில்லாமல் சொல்கிறானா?" என்று அத்தான் கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நிஜம்தான். வெஸ்ட் எண்ட் என்கிற அரங்கப் பகுதியில் பேர்போன நாடகம், நல்ல இடம், சனிக்கிழமை இரவு என்றால் அந்த விலை போகும். ஆனால் அதே இரவில் அதே நடிகர்களை முப்பது பவுண்டுக்குப் பார்க்கிறவரும் அதே கூரையின் கீழ் இருப்பார். ஆகவே அந்த நூற்றைம்பதில் நாடகத்துக்கான விலை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம், இன்ன நாடகம், இன்ன தேதி, இன்ன நாற்காலி என்று ஊரில் இருந்துகொண்டே முடிவுகட்டுகிறீர்களே, அந்த உறுதிக்கு. அதில் எதை விட்டுக்கொடுக்கிறீர்களோ அதற்குத் தக்கபடி விலை இறங்கும்.

நாடகத்தின் பெயரை விட்டுக்கொடுத்தால் லெஸ்டர் சதுக்கத்துக்குப் போகலாம். அங்கே டி.கே.டி.எஸ். என்று ஒரு சாவடி. லண்டன் அரங்குக்காரர்களின் சங்கமே நடத்துவது. நியூயார்க்கில் 1973இல் வந்ததைப் பார்த்து 1980இல் இங்கே தொடங்கினார்கள். அன்றைக்கும் அடுத்த ஓரிரு நாளைக்கும் விற்காமல் கிடக்கிற இடங்களைக் குறைத்துத் தருவார்கள். சிலது பாதி விலைக்கே வரும். ஆட்டம் தொடங்கிவிட்டால் காலி நாற்காலி காலணாவுக்கும் ஆகாது என்பதால் அவர்களுக்கும் நஷ்டமில்லை. சுற்றிலும் 'பாதி விலை' பலகை மாட்டிய வேறு கடைகளும் உண்டு. கட்டணம், அதன்மேல் கட்டணம் என்று சேர்த்தபின் அந்தப் பாதியைத் தேட வேண்டி வரலாம். தேதியை விட்டுக்கொடுத்தால் குலுக்கல்: ஹாமில்டன் நாடகத்துக்குப் பெயர் விழுந்தால் 10 பவுண்ட்தான். கண்ணை விட்டுக்கொடுக்கிறவர்களுக்குத் தூண் மறைக்கிற இருக்கை இருக்கிறது. பழைய அரங்குகளில் மாடத்தைத் தாங்க இரும்புத் தூண் நட்டிருக்கிறார்கள். கதாநாயகி தூணுக்கு அந்தப் பக்கம் செத்தால் சத்தத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

உச்சபட்சம், நாற்காலியையே விட்டுக்கொடுப்பது. தேம்ஸ் கரையில் ஷேக்ஸ்பியர் காலத்துக் குளோப் அரங்கைப் பார்த்து 1997இல் திரும்பக் கட்டித் திறந்தார்கள். 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் வந்த முதல் நாணல் கூரை அதுதான். நடு முற்றத்தில் 700 பேர் நின்று பார்க்கலாம், ஐந்து பத்து பவுண்டுக்கு. இதில் சட்டம் என்னவென்றால், முற்றத்தில் நிற்கிறவர் ஆட்டம் நடக்கும்போது தரையில்கூட உட்காரக் கூடாது. முற்றத்துக்குக் கூரையும் கிடையாது. மழை வந்தால் குடை விரிக்கவும் கூடாது, பின்னால் நிற்கிறவருக்கு மறைக்குமாம். மழைச்சட்டை போட்டுக்கொள்ளலாம். அந்த நாணல் கூரையோ, சுற்றிலும் பெஞ்சுக்குக் காசு கொடுத்தவர்கள் தலைக்கு மேலும் மேடைக்கு மேலும் மட்டும் போகிறது. ஆக மழையே டிக்கெட் பார்த்துத்தான் பெய்கிறது. மூன்று மணி நேரம் நனைந்துகொண்டு நிற்கிறவருக்கு எதிரே ஷேக்ஸ்பியரின் ராஜா லியர் புயலில் நனைவதாக நடிப்பார், கூரைக்குக் கீழே. நம் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணத்துக்குப் பாயை விரித்துப் படுத்து, நாரதர் வருவதற்குள் தூங்கிப்போனாலும் யாரும் எழுப்புவதில்லை. அந்தப் பாய்க்கு இங்கே எவ்வளவு கேட்பார்களோ!

"அவ்வளவு தூரம் வந்துவிட்டு, எது கிடைக்குமோ என்று நிற்பதா?" என்பாய். நியாயம்தான். ஆனால் வெஸ்ட் எண்டில் மட்டும் நாற்பது அரங்கு போல இருக்கிறது. செவ்வாய், புதன் கிழமைகளில் எல்லாமே நிரம்பிவிடுவதில்லை. மவுஸ்டிராப் நாடகம் 1952இலிருந்து ஓடுகிறது, கொரோனாவில் மூடிக்கிடந்த காலம் நீங்கலாக. அது உங்களுக்காக ஒரு செவ்வாய்க்கிழமை காத்திருக்காதா? சின்னவன் லயன் கிங்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அது வேறு கதை. அப்போது உறுதிக்கு உண்டான விலையைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆகஸ்டில் வந்தால் அதிலும் ஒரு வழி உண்டு. பல நாடகங்களுக்குப் பெரியவர் ஒருவர் டிக்கெட் வாங்கினால் பிள்ளை ஒன்றுக்கு இலவசம்.

"விலையை ஏற்றிவைத்துவிட்டுக் குறைப்பதுபோல் காட்டுகிறார்கள்" என்று அத்தான் சொல்வார். அதில் பாதி உண்மை. தேவையைப் பார்த்து விலையை ஏற்றி இறக்குகிறார்கள் என்பது ஊரறிந்தது. 120 பவுண்ட் இருக்கையைப் பாதிக்கு வாங்கினாலும் 60 ஆகிறது. உச்சி மாடத்து இருக்கைக்கு முதலிலிருந்தே அதில் பாதிதான். அதனால் எவ்வளவு குறைத்தார்கள் என்று பார்க்காதீர்கள், கடைசியில் கையைவிட்டு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். உச்சி மாடத்து டிக்கெட்டை அரங்கின் சொந்த இணையதளத்திலேயே எடுப்பது நல்லது.

விசா வந்ததும் தேதியை மட்டும் எழுது. என்ன நாடகம் என்று இப்போதே கேட்காதே. அத்தானுக்கு முழங்கால் வலி என்பதால் குளோப்பில் பெஞ்சு டிக்கெட்டாகவே எடுத்துவிடலாம். நீயும் நானும் முற்றத்தில் நிற்போம்.

அன்புடன்,
தம்பி