பரிசு விழாதவர்களுக்கும் ஒரு வகுப்பு

அனுப்புநர்: திருவனந்தபுரம் சாலை பஜாரில் கணக்கெழுதும் ஒரு தமிழன்.
பெறுநர்: இயக்குநர், கேரள மாநில லாட்டரித் துறை, விகாஸ் பவன், திருவனந்தபுரம்.
பொருள்: பரிசு விழாத பொதுமக்களுக்கும் பண நிர்வாக வகுப்பு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த ஊரில் சேமிப்புப் பைத்தியங்கள் பெருகிவிட்டார்கள். என் அக்கா மகன் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். மதியத்துக்கு வீட்டுச் சோறு, போக வர பஸ், சம்பளத்தில் பாதி மாதம் பிறந்ததும் மியூச்சுவல் ஃபண்டுக்கு. "நாப்பத்தஞ்சு வயசுல வேலையை விட்டுருவேன் மாமா" என்கிறான். என் மனைவி இவனுக்கெல்லாம் குரு. மாவேலி ஸ்டோர் வரிசையில் நின்று மானிய விலைப் பயறு வாங்காமல் மாதத்தைத் தொடங்கமாட்டாள். 2025-இல் தேங்காயெண்ணெய் விலை தலைக்கு மேல் போனபோது எங்கள் வீட்டு அப்பளம் எண்ணெய்ச் சட்டியை மறந்தே போனது. அடுப்புத் தீயில் வாட்டித் தட்டில் போட்டாள். ஓரம் கருகியதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இப்படி ஐந்துக்கும் பத்துக்கும் மல்லாடுகிறவர்களுக்குத் தாங்கள் வைத்திருக்கும் குறுக்குவழியின் அருமை புரியவில்லை. 1967-இல் அரசே தொடங்கிய திட்டம். 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கல், டிக்கெட் 1 ரூபாய், முதல் பரிசு 50,000. இப்போது டிக்கெட் 50 ரூபாய், பரிசு ஒரு கோடி. அதுவும் தினமும், பிற்பகல் 3 மணிக்கு, பேக்கரி ஜங்ஷன் கோர்க்கி பவனில். ஏழைகளைப் பற்றி எழுதித் தீராத மாக்சிம் கார்க்கியின் பெயர் தாங்கிய கட்டடத்தில் நாள்தோறும் ஒரு கோடீஸ்வரரைத் தயாரிக்கும் அரசு உலகில் வேறெங்கும் இருக்காது.

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்க்கிறேன். அட்டையில் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கும் டிக்கெட்டுகளை ஆட்கள் தொட்டுத் தொட்டுத் தள்ளுகிறார்கள். முழு எண்ணை யாரும் படிப்பதில்லை, கடைசி நான்கு இலக்கத்தில்தான் கண். ஒரே நாலு இலக்கத்தில் முடியும் டிக்கெட்டுகளை 'செட்' போட்டு வாங்குகிறவர்களும் உண்டு. அன்று மாலையே தோற்றதெல்லாம் ரோட்டில் கிடக்கும். விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. வேறு வேலைக்குப் போக முடியாத எத்தனையோ பேருக்கு அந்த அட்டைதான் அடுப்பெரிக்கிறது.

தொழில் கணக்கெழுதுவது என்பதால் கை சும்மா இருக்கவில்லை. நாளுக்கு ஒரு டிக்கெட் என்றால் மாதம் 1,500 ரூபாய். அதையே தபால் நிலைய ஆர்.டி.யில் 6.7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஐந்தாண்டில் ஏறத்தாழ 1 லட்சத்து 7 ஆயிரம். இதைச் சொன்னால் டீக்கடையில் சிரிக்கிறார்கள். லட்சம் எந்த மூலைக்கு, கோடி அல்லவா வேண்டும்! அந்தக் கோடியிலும் ஏஜென்ட் கமிஷனும், மிச்சத்தில் வருமான வரி 30 சதவீதமும் போனால் முழுக் கோடி கைக்கு வராது. விழாதவர்களுக்கு இந்தப் பிடித்தமெல்லாம் இல்லை, முழுதாகவே போய்விடும்.

2022 திருவோணம் பம்பரைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 500 ரூபாய் டிக்கெட், 25 கோடி பரிசு. விழுந்தது நம் ஊர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு. டிக்கெட்டுக்குக் காசு குறைந்ததால் பிள்ளையின் உண்டியலை உடைத்துத்தான் வாங்கினார் என்று பத்திரிகைகள் எழுதின. சேமிப்பின் பயனை இதைவிடத் தெளிவாக எந்த வங்கி விளம்பரமும் சொன்னதில்லை! ஆனால் சில நாளிலேயே அவர், உதவி கேட்டு வருகிறவர்களுக்குப் பயந்து வீட்டில் தங்க முடியவில்லை, இது விழாமலே இருந்திருக்கலாம் என்று புலம்பினார்.

அதன் பிறகுதான் துறைக்கு ஞானோதயம். பம்பர் பரிசு பெற்றவர்களை அழைத்து, குலாட்டி நிதி, வரிவிதிப்பு நிறுவனத்தின் துணையோடு, பணத்தை எப்படிக் காப்பது, எதில் முதலீடு செய்வது என்று வகுப்பு எடுத்தீர்கள். நல்ல காரியம். ஆனால் கோடி கையில் இருப்பவருக்குச் சொல்லித்தர ஆயிரம் பேர் வாசலில் நிற்பார்கள். தினம் 50 ரூபாயை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்குத்தான் ஆளில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் அவர்கள்தானே பெரும்பான்மை?

ஆகவே பரிசு விழாத டிக்கெட்டைக் காட்டினால் அனுமதி என்று ஒரு வகுப்பு நடத்த வேண்டுகிறேன். முதல் பாடமாக என் மனைவியின் அப்பளத்தை வைத்துக்கொள்ளலாம், அவள் சம்பளம் கேட்கமாட்டாள். வகுப்பு தமிழிலும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை வந்துவிட்டதால் எங்கள் ஆட்கள் எல்லை தாண்டி வந்து வாங்குகிறார்கள். 2023 ஓணம் பம்பர் திருப்பூர் நண்பர்கள் நாலு பேருக்கு விழுந்த பிறகு களியக்காவிளைப் பக்கம் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா?

ஒரே ஒரு விண்ணப்பம். வகுப்பைப் பிற்பகல் 3 மணிக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒருவரும் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
இதுவரை தங்கள் வருமானத்துக்கு எதுவும் சேர்க்காத ஒரு சாலைக்காரன்