முக்காலியார்

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். கடற்கரையிலிருந்து வரும் மின்ரயில் ஒவ்வொன்றும் கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போகும். ரங்கநாதன் தெருக் கட்டைப்பை, தோளில் தூங்கிப்போன பிள்ளை, கையில் கழற்றிய செருப்பு என்று ஜனம் படியேறிக் கிழக்கும் மேற்குமாகப் பிரியும். அந்த வெள்ளத்துக்கு எதிரே ஒரே ஒருவர் படியிறங்கி வருவார். முதுகில் கனத்த பை, பையின் பக்கவாட்டில் கட்டிய மூன்று கால் கம்பி, முழங்கை வரை ஓடோமாஸ் மினுமினுப்பு. ஊரே வீடு திரும்பும் நேரத்தில் ஊருக்குள் போகிற அந்த மனிதர்தான் முக்காலியார்.

பெயர் வைத்தவர் என் அம்மா. "எதிர்வீட்டுக்காரர் முக்காலியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாரு பாரு" என்பார். அதற்கு ட்ரைபாட் என்று பேர் என ஒருமுறை திருத்தினேன். "மூணு கால் இருந்தா முக்காலிதானே?" என்றார். வாதத்தில் ஓட்டை இல்லை. பெயர் நிலைத்துவிட்டது.

எங்கள் சேலையூரில் மட்டும் என்றில்லை. ராஜகீழ்ப்பாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று எந்த அடுக்ககத்தைத் தட்டினாலும் ஒரு முக்காலியார் கதவைத் திறப்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வேலை பழைய மகாபலிபுரம் சாலையில். கேமரா, முதல் குழந்தை பிறந்தபோது தவணையில் வாங்கியது. குழந்தை ஓட ஆரம்பித்ததும் படங்கள் கலங்கின. பள்ளிக்கூடம் போனதும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. எட்டாம் வகுப்பு வந்ததும், "அப்பா, ப்ளீஸ்" என்று கதவைச் சாத்திவிட்டது. ஓடாத, சிணுங்காத, கண் சிமிட்டாத ஒன்றைத் தேடித் தேடி அவர் கட்டடங்களிடம் வந்து சேர்ந்தார். பகலில் எந்தக் கட்டடத்துக்கு முன்னாலும் ஒரு மாநகரப் பேருந்து நின்றுகொண்டிருக்கும். ஆகவே இரவு.

எங்கள் முக்காலியார் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரி உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஜார்ஜ் டவுனில் இருந்தது. நெரிசல் தாங்காமல் 1937இல் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்தது. "காலேஜ் வந்த வழியாவே நான் திரும்பிப் போறேன் சார்" என்று பெருமையாகச் சொல்வார். இந்தத் தடத்தில் 1931இலேயே மின்வண்டி ஓடத் தொடங்கிவிட்டது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அவரோடு ரயிலில் போனால் டிக்கெட்டுக்கு மேல் ஆண்டுக்கணக்கு இலவசம்.

"சும்மா வாங்க சார், ஒரு டீ சாப்பிட்டுட்டு வந்துடலாம்" என்றுதான் என்னை அழைத்தார். டீ சாப்பிட்டோம், மறுக்கவில்லை. பாரிமுனையில், சைக்கிளில் வைத்து விற்கிறவரிடம், அதிகாலை இரண்டே காலுக்கு.

முதலில் சென்ட்ரல். 1873இல் கட்டியது, ஹார்டிங் வரைந்ததைச் சிஷோம் மாற்றி மெருகேற்றினார் என்று பேசிக்கொண்டே முக்காலியை விரித்தார். சட்டகத்தின் கீழ்ப்பாதியை மெட்ரோ வேலைத் தடுப்புத் தகடுகள் அடைத்துக்கொண்டிருந்தன. சாலையைக் கடந்தார், பாதசாரிப் பாலத்தில் ஏறினார், இறங்கினார், குந்தினார். கடைசியில் மணிக்கூண்டு மட்டும் கிடைத்தது. "டீடெய்ல் ஷாட்" என்றார். நினைத்தது அகப்படாவிட்டால் அகப்பட்டதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைப்பது இந்தக் கலையின் பாதி.

கேமராவைப் படுக்கையறை ஏசியில் வைத்திருந்து எடுத்து வந்ததால் லென்ஸில் ஆவி படிந்திருந்தது. சென்னையின் ஈரக்காற்றுக்குக் கண்ணாடி பழக அரை மணி ஆகும். அந்த அரை மணியில் எனக்குப் பாடம் நடந்தது. எஃப் பதினொன்று, ஐ.எஸ்.ஓ. நூறு, முப்பது விநாடி. இந்த முப்பது விநாடிதான் சூட்சுமம். அவ்வளவு நேரம் கேமரா கண்ணைத் திறந்து வைத்திருந்தால், ஓடும் வண்டிகளின் விளக்குகள் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு இழுக்கும். நடந்து போகிற மனிதர்களோ படத்தில் விழவே மாட்டார்கள். பாரிஸில் பிரசாய் என்பவர் 1930களில் ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட்டாராம். முக்காலியாருக்குப் புகைப்பழக்கம் கிடையாது. கொசுக்கடியை எண்ணிக் கணக்கு வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். முப்பதாவது விநாடியில் இரண்டு கையாலும் சொறிந்துகொண்டார்.

பாரிமுனையில்தான் அவருடைய உண்மையான எதிரி வந்தார். மனிதர் நல்லவர், தொப்பி போட்டவர், ரோந்து வண்டியில் வந்தவர்.

"என்ன சர்வே?"

"சர்வே இல்ல சார். நைட் ஃபோட்டோகிராஃபி. ஹெரிடேஜ்."

"காலைல வந்து எடுக்கலாமே. நல்லா வெளிச்சமா இருக்கும்."

உலகத்தின் எந்த இரவுப் புகைப்படக்காரரிடமும் இதற்குப் பதில் இல்லை. முக்காலியார் தலையைச் சொறிந்தார். காவலர் கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். டேர் ஹவுஸ் தகதகவென்று நின்றது. 1940இலிருந்து அந்த மூலையில்தான் நிற்கிறது. அவரும் தினம் பார்ப்பதுதான். ஆனாலும், "இதுவா அது?" என்றார். அடுத்த நிமிடம் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தமக்கும் ஒன்று எடுக்கச் சொன்னார். முப்பது விநாடி அசையக்கூடாது என்றதும் மூச்சை அடக்கி நின்றார் பாருங்கள், முனீஸ்வரர் தோற்றார். மாநகரில் முக்காலியார் சொல்லி அசையாமல் நின்ற ஒரே ஜீவன் அவர்தான்.

சாலைக்கு எதிர்ப்புறம் உயர்நீதிமன்றத்தின் கோபுரம். 1894 முதல் 1977 வரை அதன் உச்சியில்தான் கலங்கரை விளக்கம் எரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த கதையை முக்காலியார் நடுச்சாலையில் நின்று நடித்தே காட்டினார். கப்பல் போய்விட்டது, 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு நம்மிடம் தங்கிவிட்டது. அவர் கவலை வேறு. "அந்த வெளிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ. நூறே போதும் சார். யாராவது ஒருத்தன் ட்ரைபாட் வச்சிருக்கக் கூடாதா?" குண்டுக்குப் பயந்து ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நாட்கள் அவை. இவர் இருந்திருந்தால், எதிர்த்திசையில் துறைமுகத்தைப் பார்த்து நடந்திருப்பார்.

நேப்பியர் பாலத்துக்கு ஆட்டோவில் போனோம். 1869இல் கட்டிய பாலம். 2022இல் செஸ் ஒலிம்பியாட் வந்தபோது சதுரங்கக் கட்டம் பூசிக்கொண்டு நாடெங்கும் பேர் வாங்கியது. அதன் வளைவுகள் கூவத்தில் தலைகீழாக விழும்படி கரையோரம் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நான் நின்றேன். அவர் மூக்கைப் பொருட்படுத்தவில்லை. கலைஞனுக்குக் கண் ஒன்றுதான். மறுநாள் அந்தப் படம் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஏறியதும் கோயம்புத்தூர்ச் சித்தப்பா, "எந்த நாடு மாப்ளே? எப்பப் போனீங்க?" என்று கேட்டார். அதில் மகிழ்வதா வருந்துவதா என்று முக்காலியாருக்கு இரண்டு நாள் பிடிபடவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டுக் கணினியில் படங்களைப் பார்த்தேன். இருநூற்றுச் சொச்சத்தில் தேறியது நான்கு. என்.எஸ்.சி. போஸ் சாலையில் எடுத்த ஒன்றில் ஈ காக்கை இல்லை. ஆனால் நாங்கள் நின்றபோது மீன்பாடி வண்டி போனது, இருவர் சண்டை போட்டுக்கொண்டே கடந்தார்கள், நாய்கள் ஒரு கட்சிக்கூட்டமே நடத்தின. எல்லாம் கரைந்துவிட்டன. டாகேர் 1838இல் பாரிஸில் எடுத்த தெருக்காட்சியும் இப்படித்தானாம். ஜன நடமாட்டமுள்ள தெரு வெறிச்சென்று விழுந்திருக்க, காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நின்ற ஒருவரும் மெருகு போட்டவரும் மட்டும் பதிந்தார்கள். நம் படத்திலும் அசையாதவர்கள் பதிந்திருந்தார்கள். பூட்டிய கடைகளின் வாசலில், நடைமேடை நெடுகத் தூங்கியவர்கள். போர்வையின் கட்டம் உட்பட அவ்வளவு தெளிவு.

"டிஸ்ட்ராக்‌ஷன்" என்றார் முக்காலியார். சுண்டெலியை நகர்த்தி ஒவ்வொருவராக அழித்தார். அந்த இடத்தில் பக்கத்துக் கல்லும் சுவரும் நகலாகி வந்து உட்கார்ந்தன. கடைசியில் ஒரு செருப்பு மிஞ்சியது. அதையும் அழித்தார். செருப்பாவது இருந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை. இரண்டே கால் மணிக்கு டீ வாங்கிக் கொடுத்தவரை உடனே விமர்சிப்பது முறையாகாது.

அவருடைய மனைவி காபியை வைத்துவிட்டு, "பாஸ்போர்ட் புதுப்பிக்க ஒரு ஃபோட்டோ எடுத்துக் குடுங்கன்னு போன மாசம் கேட்டேன். கடையில போய் எடுத்துக்கிட்டேன்" என்று என்னிடம் சொன்னார். என்னிடம்தான் சொன்னார், காது அவருடையது.

அடுத்த சனிக்கிழமை பராமரிப்பு வேலை என்று இரவு ரயில்களைக் குறைத்துவிட்டார்கள். முக்காலியாருக்குக் கை பரபரத்தது. சொந்த ஊரில் எடுத்தாலென்ன என்று கேம்ப் ரோடு சந்திப்பில் நள்ளிரவுக்கு முக்காலியை நிறுத்தினார். துணைக்கு நான். மேம்பாலம் இல்லை, மணிக்கூண்டு இல்லை, பெயர்ப்பலகையும் பந்தலும் பஜ்ஜிக்கடையும்தான். இரண்டு கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கீழே குனிந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "முப்பது... இன்னொரு முப்பது..." என்று இவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

காலையில் மளிகைக்கடை அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"அம்மா, ராத்திரி சர்வே எடுத்தாகளாமே, உங்க மவனும் கூட நின்னாராம். ரோட்டுக்கு எத்தனை அடி எடுக்காங்களாம்?"

அம்மா யோசித்தார். "அடியெல்லாம் தெரியாது. முப்பது, முப்பதுன்னுதான் பேசிக்கிட்டாங்க."

சாயங்காலத்துக்குள் அந்த வரிசையில் நான்கு கடைகளின் முன்பந்தல் உள்ளே போயிருந்தது. பஜ்ஜிக்கடை அடுப்பு சந்துக்குள் நகர்ந்திருந்தது. முக்காலியார் என் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"பாத்தீங்களா சார்? இப்பத்தான் ஃப்ரேம் க்ளீனா இருக்கு."